பதில் கொடுத்தாகிவிட்டது

அத்தியாயம் 7

வளையல் பெட்டிக்குள் வளையல் இல்லை. ஒரு மஞ்சள் கைக்குட்டை, அதன் முடிச்சுக்குள் வெள்ளை மாத்திரைகள், அடியில் நாலாக மடித்த ஒரு கம்ப்யூட்டர் சீட்டு. அவ்வளவுதான் இருந்தது.

சரோஜினி மாத்திரைகளைக் கட்டில் மேல் கொட்டி எண்ணினாள். இருபத்திரண்டு. நிலைப்படியில் நின்றிருந்த தனக்கோடி அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“சேத்து வச்சிருக்கா” என்றார். “ஒண்ணா முழுங்கறதுக்குன்னு சேத்து வச்சிருக்காம்மா எம்பொண்ணு.”

அசரியாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. சரோஜினியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவதும், யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதும் அவன் உத்தியோகம். முன்பு தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டியவன். சவாரி ஏறியவர்கள் இறங்கும்வரை அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அப்படிப்பட்டவனே அந்த அறையில் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

சரோஜினி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சாவுகளை விசாரித்துவிட்டு, வேலையை விட்டு தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கண்ணீரைப் பார்த்து அவசரப்பட மாட்டாள். தனக்கோடி மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“என்ன மாத்திரை சார் இது? போன தடவை வந்தப்போ ரெண்டு முறை கேட்டேன். பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னீங்க.”

தனக்கோடி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பெண் செத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இனி யார் கேட்டு என்ன ஆகிவிடப்போகிறது. ஆனாலும் சாத்தினார்.

“வலிப்பு” என்றார் குரலே இல்லாமல். “பதினஞ்சு வயசுல வந்துச்சு. ஒம்போது வருசமா மாத்திரை. இப்ப ஆறு வருசமா ஒரு தடவகூட வரல. என் பேர்லதான் வாங்குவேன். மருந்துக்கடையில கேட்டா எனக்குத்தான் வலிப்புன்னு சொல்லிருக்கேன். பொட்டப் புள்ளைக்கு வலிப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவம்மா கட்டுவான்?”

பீர்க்கன்கரணையில் அவர் பூர்வீகக்காரர். அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலம், இப்போது வீட்டு மனைகளாகிவிட்டது. அந்த வீடுகளுக்கெல்லாம் சிமென்ட் விற்கிற கடை அவருடையது. மனைவி போனபோது மகள் காந்திமதிக்குப் பத்து வயது. மறுபடி கல்யாணம் வேண்டாம் என்று தனியாகவே வளர்த்தார். அந்த மகள்தான், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மார்கழி ஞாயிறு விடியலில், வாசல் தெளிக்கத் தண்ணீர் இறைக்கப் போய்ப் பின்கட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். போலீஸ் தற்கொலை என்று எழுதி முடித்தது. ஊரும் அதையேதான் சொன்னது.

தனக்கோடி சரோஜினியைத் தேடி வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். பல்லாவரத்து மாப்பிள்ளை நான் பார்த்தது. அவனைப் பிடிக்காமல்தான் என் பெண் கிணற்றில் விழுந்தாளா? ஆமாம் என்றால் நான்தான் தள்ளிவிட்டேன் என்று அர்த்தம். எது எப்படியோ, தெரிந்தாக வேண்டும் என்றார்.

சரோஜினி கம்ப்யூட்டர் சீட்டைப் பிரித்தாள். பேர் எழுதிய மேல்பகுதி கிழிக்கப்பட்டிருந்தது. “இது எந்தக் கடை?”

“சம்பந்தம் மெடிகல்ஸ். மேற்குத் தாம்பரம். ஆறு மாசமா கம்ப்யூட்டர் வச்சிருக்கான். மருந்து வாங்கினா கூடவே ஒரு சீட்டு அடிச்சுத் தரும். இன்ன மருந்து, இன்னத்துக்கு, எப்படிச் சாப்புடணும், எதைச் செய்யக் கூடாதுன்னு எல்லாம் தமிழ்லயே வரும்.”

“டாக்டருங்க எழுத்தப் படிக்க ஒரு மெசின் வந்துட்ச்சா” என்றான் அசரியா. அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அத்தோட கண்ணு ரெண்டு மாசத்துல பூடும்.”

சரோஜினி கேட்டாள்: “உங்ககிட்ட அந்தச் சீட்டு இருக்கா?”

இருந்தது. தனக்கோடி ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியாத மனிதர். ஆனால் அந்தச் சீட்டுகளை வீட்டில் வைக்காமல், கடை மேஜையில் பூட்டி வைத்திருந்தார். மகளுக்கு மாத்திரையை மட்டும் வெறும் உறையில் போட்டுக் கொடுப்பாராம். தெருமுனையில்தான் கடை. போய் எடுத்து வந்தார். ஆறு சீட்டுகளிலும் ஒரே தலைப்பு: அட்டை எண் 214, தனக்கோடி, ஆண், வயது 58.

சரோஜினி ஆறையும் வரிசையாகப் பரப்பி, ஏழாவதாகப் பெட்டியில் கிடந்ததை வைத்தாள். அசரியா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே மருந்து, எல்லாவற்றிலும் எட்டே வரி.

“வித்தியாசம் தெரியுதா?”

“இதுல மேல கிழிஞ்சிகீது.”

“கீழே பார். சார் சீட்டுல கடைசி வரி என்ன? ‘டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.’ ஆறுலயும் இருக்கு. பொண்ணு சீட்டுல அது இல்லை. அதுக்குப் பதிலா நடுவுல ஒரு புது வரி. ‘குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் இந்த மருந்து பற்றி டாக்டரைக் கலந்துகொள்ளவும்.’ காகிதம் எட்டு வரிக்குத்தான் இடம். ஒரு வரி உள்ளே வந்ததும் ஒரு வரி வெளியே போயிடுச்சு.”

“அதாவது மெசினு ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு அடிக்குது.”

“ஆமா. அப்போ யாரோ இந்த மாத்திரை ஒரு பெண்ணுக்குன்னு அந்த மெஷினுக்குச் சொல்லியிருக்காங்க.” அவள் தனக்கோடியைப் பார்த்தாள். “நீங்களா சார்?”

“நான் செத்தாலும் சொல்ல மாட்டேம்மா” என்றார் தனக்கோடி. சீட்டை வாங்கிப் பார்த்தவர் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் நெருக்கின. அசரியா ஸ்கூட்டரை அவற்றுக்கு நடுவில் நுழைத்தபடியே பேசினான். ஓட்டும்போது பேசாவிட்டால் அவனுக்கு பிரேக் பிடிக்காது என்று சரோஜினி சொல்வாள்.

“மேடம், இதுல துப்பறியறதுக்கு இன்னா கீது? பொண்ணு மாத்திரய முழுங்காம சேத்துகினே வந்துகீது. ஒரேடியா போட்டுக்கலாம்னு. அப்பறம் கெணறு கிட்ட கீதே, அது ஈஸின்னு பூட்ச்சு.”

“சரி. அன்னிக்குப் பின்கட்டுல என்ன இருந்துச்சு? போலீஸ் ரிப்போர்ட்ல இருக்கு, சொல்லு.”

“ஒரு வாளி தண்ணி. பக்கத்துல கோலமாவு டப்பா. இன்னொரு வாளி கயித்தோட கெணத்துக்குள்ள.”

“சாகப் போறவ முதல் வாளி இறைச்சு வெச்சுட்டு, ரெண்டாவது வாளியும் இறைப்பாளா? வாசல் பெரிசு, ஒரு வாளி பத்தாதுன்னு?”

அசரியா வேகத்தைக் குறைத்தான். அவன் வாயை அடைக்க அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அப்ப வலிப்புன்றீங்களா? மாத்திர நிறுத்தினதால வந்துட்ச்சா?”

“அப்படித்தான் நினைக்கிறேன். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். ஆனா அது பாதி பதில். ஒன்பது வருஷம் தவறாம சாப்பிட்ட பொண்ணு, கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஏன் நிறுத்தினா? கல்யாணம் வேண்டாம்னா நிறுத்தினா? அது தெரியாம அவங்க அப்பாகிட்ட போய் நிக்க முடியாது.”

சம்பந்தம் மெடிகல்ஸ் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை, அதன் வாசலில் ஒரு அறிவிப்பு: செருப்பைக் கழற்றவும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. கோயிலுக்குள் போகிற மாதிரி நாலைந்து ஜோடி செருப்பு வெளியே கிடந்தது. மேஜையில் பூப்போட்ட உறை போர்த்திய பெட்டிக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் சம்பந்தம் பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த சிரிப்பும் உள்ளவர். மருந்து எடுத்துக் கொடுப்பதைவிடத் தன் கம்ப்யூட்டரைக் காட்டுவதில்தான் அவருக்கு ஆசை.

“மெட்ராசு சென்னை ஆயிடுச்சு, இன்னமும் ஜனங்க என்ன மருந்து சாப்புடறோம்னு தெரியாம சாப்புடுதுங்க சார். வெள்ளை மாத்திரை, செவப்பு மாத்திரை, இப்படித்தான் கேக்குறாங்க. நோயாளிக்கு விவரம் தெரியணும். தாம்பரத்துல இதை நாமதான் மொதல்ல வச்சிருக்கோம்.”

சரோஜினி அசரியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, இவரைப் பேச்சில் பிடித்து வை என்று அர்த்தம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனாள். அங்கே கம்ப்யூட்டரை இயக்குகிற பெண் உட்கார்ந்திருந்தாள். மெட்டில்டா என்று பேர். முப்பது வயதிருக்கும். காந்திமதி என்ற பேரைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாக அசரியா பார்த்தான்.

அவன் வேலை சம்பந்தம். அது சுலபமான வேலை. “அண்ணா, இந்த மெசினு தப்பே பண்ணாதா?” என்று ஒரு கேள்வி போட்டான், போதும்.

சம்பந்தம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். “அதை ஏன் கேக்குறீங்க. போன மாசம் ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க. இங்க ஒரு கேள்விப் பெட்டி வச்சிருக்கோம். மருந்தைப் பத்திச் சந்தேகம்னா அட்டை நம்பர் போட்டு எழுதிப் போட்டுடலாம். பேர் வேணாம். ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய டாக்டர் வந்து பதில் எழுதுவாரு, நான் அப்படியே பார்த்து டைப் பண்ணி ஏத்திடுவேன், என்ன எழுதியிருக்குன்னு மனசுல வாங்கிக்க மாட்டேன். அந்த நம்பர்காரங்க அடுத்த தடவை மருந்து வாங்கும்போது பதில் தன்னால அடிச்சு வந்துடும்.”

“நல்ல ஏற்பாடுதாண்ணா.”

“திங்கக்கிழமை சாயந்தரம், கடை நெறைய கூட்டம். நம்ம சிமென்ட்கடை தனக்கோடி ஐயா வந்தாரு. பாவம், அவருக்கு வலிப்பு வியாதி, பார்த்தா தெரியாது. மாத்திரை குடுத்தேன், மெசினு பதிலை அடிச்சுது. அவரு கண்ணாடி கொண்டாரல, நீயே படிய்யான்னாரு. நான் சத்தமா படிக்கிறேன், ‘உங்கள் திருமணத்துக்கு வாழ்த்துகள். குழந்தை பெறுவது பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள்.’ அவ்வளவுதான். கடையே சிரிச்சுது. அம்பத்தெட்டு வயசு ஆம்பளைக்கு.”

அசரியாவும் சிரித்தான். அடக்க முடியாத சிரிப்பு. தனக்கோடியின் பெரிய மீசையை நினைத்துச் சிரித்தான். ஒரு விநாடி அவனுக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது.

“அவரும் சிரிச்சாரா?”

“அவருதான் மொதல்ல சிரிச்சாரு. ‘யோவ், உன் பொட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, எனக்குக் கல்யாணமாம், நான் புள்ள பெக்கப் போறனாம்’னு ஒரே சத்தம். மீதியப் படிக்கவே உடல. என் கையிலேர்ந்து புடுங்கி, நாலாக் கிழிச்சு சாக்கடையில போட்டுட்டுப் போயிட்டாரு.”

சிரிப்பு அசரியாவின் வாயிலேயே நின்றுபோனது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு செத்த பெண்ணைப் பற்றித் தான் இப்போதுதான் சிரித்தோம் என்பது அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. சரோஜினியின் கையில் கம்பியில் குத்தி வைத்திருந்த ஓட்டையோடு ஒரு தாள் இருந்தது. பின்னால் மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இதைப் படி” என்றாள் சரோஜினி.

குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. ‘டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வலிப்பு. ஒன்பது வருஷமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவர் பரவாயில்லை என்றார். எனக்குக் குழந்தை என்றால் ரொம்ப ஆசை. இந்த மாத்திரையால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இப்போதே நிறுத்திவிட வேண்டுமா? என்னால் நேரில் வர முடியாது.’ கீழே கையெழுத்து இல்லை. அட்டை எண் 214 என்று மட்டும் இருந்தது.

அசரியா இரண்டு முறை படித்தான். மாப்பிள்ளை பிடிக்காமல் செத்தாளா என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம். அவளுக்குப் பிடித்திருந்தது. தன் ரகசியத்தையே சொல்கிற அளவுக்குப் பிடித்திருந்தது.

“போன மாசம் ஒரு வியாழக்கிழமை தனியா வந்தா” என்றாள் மெட்டில்டா. “இந்த மாத்திரையைப் பொம்பளைங்க சாப்புட்டா என்ன ஆகும்க்கான்னு கேட்டா. யாருக்குன்னு கேட்டேன், ஃபிரெண்டுக்குன்னா. எனக்குப் புரிஞ்சுது மேடம். ஆனா அவளே சொல்லாதப்போ நான் எப்படிக் கேக்கறது? பெண், இருபத்தி நாலுன்னு போட்டு ஒரு சீட்டு அடிச்சுக் குடுத்தேன். பேரை அவளே கிழிச்சுப் போட்டா. கேள்வி எழுதிப் போடும்மான்னு நான்தான் சொன்னேன். நம்பர் இல்லாம பதில் வராதுன்னதும் அவ அப்பா நம்பரை என்கிட்ட கேட்டுப் போட்டா. அவளுக்குன்னு வேற நம்பர் ஏது.”

“பதில் யார் கையில போச்சு?” என்றாள் சரோஜினி.

“தெரியல மேடம். ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போயிடுவேன், திங்கள் எனக்கு லீவு. 214க்கு நேரா ‘பதில் கொடுத்தாகிவிட்டது’ன்னுதான் காட்டுது.”

“எனக்குத் தெரியும் மேடம்” என்றான் அசரியா. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. கேட்டதையெல்லாம் சொன்னான். சிரித்ததையும் சொன்னான். சம்பந்தம் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“அவருக்கு இல்லியா வியாதி?” என்று மட்டும் கேட்டார்.

மெட்டில்டா ஸ்டூலில் உட்கார்ந்து விசும்பினாள். பிறகு கேட்காமலே சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தா மேடம். பதில் வந்துச்சாக்கான்னு கேட்டா. ஸ்கிரீனைப் பார்த்தேன், கொடுத்தாகிவிட்டதுன்னு இருந்துச்சு. உங்க அப்பா வாங்கிட்டுப் போயிட்டார் போலிருக்கும்மான்னேன். வேற காப்பி அடிச்சுத் தரட்டுமான்னுகூடக் கேட்டேன். வேணாம்னுட்டா.”

“ஏன்?”

“சிரிச்சா. அப்பா ஒண்ணும் சொல்லலக்கா, அப்ப சரின்னுதான் அர்த்தம்னா. அவங்க வீட்ல அப்படியாம். அம்மா இல்லாத வீடு. இந்த மாதிரி பொம்பளை விஷயமெல்லாம் அப்பாவும் பொண்ணும் நேருக்கு நேர் பேசிக்க மாட்டாங்களாம். அவ காலேஜ் சேரணும்னு கேட்டு, சினிமாவுக்குப் போகணும்னு கேட்டு, எதுவா இருந்தாலும் ஒரு பேப்பர்ல எழுதி அவர் சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துல வைப்பாளாம். வேணாம்னா சொல்லிடுவாராம். ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்குவாளாம். இதுக்கும் ஒண்ணும் சொல்லல, அப்ப நிறுத்தலாம்னுதான் டாக்டர் சொல்லியிருப்பாருன்னு சந்தோஷமா போனா மேடம்.”

சரோஜினி விரல்விட்டு எண்ணினாள். புதன்கிழமை காலையிலிருந்து, மறுவாரம் சனிக்கிழமை ராத்திரி வரை. பதினொரு நாள். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை. கைக்குட்டையில் இருந்த இருபத்திரண்டும் சரியாக வந்தது. அப்பா கண் முன்னால் எடுத்துக்கொண்டு போய், முழுங்காமல் முடிந்து வைத்திருக்கிறாள். செத்துப்போவதற்காகச் சேர்த்தவை இல்லை அவை. பிறக்காத ஒரு குழந்தைக்குக் கெடுதல் வரக் கூடாது என்று ஒதுக்கி வைத்தவை.

“அந்தப் பதில் இன்னும் மெஷின்ல இருக்கா?”

மெட்டில்டா விசைகளைத் தட்டினாள். பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அசரியாவுக்குச் சகிக்கவில்லை. வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

*

திரும்பும்போது அவன் பேசவே இல்லை. இரும்புலியூர் தாண்டியதும் சரோஜினியே ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

“சொல்லு. என்ன யோசிக்கிற?”

“பாதி சொன்னா போதும் மேடம். வலிப்பு வந்துட்ச்சு, கால் தவறிட்ச்சு, மாப்பிள்ளய அதுக்குப் புட்ச்சிருந்துச்சு. அவ்ளோதான. அந்தாளு கேட்டதும் அவ்ளோதான். சீட்டு கதை இன்னாத்துக்கு?”

“மாத்திரையை ஏன் நிறுத்தினான்னு கேட்பார்.”

“கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லிக்கலாம். அதுக்கு வாயா கீது, இல்லன்னு சொல்ல?”

சரோஜினி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “எனக்கும் அதே ஆசைதான் அசரியா” என்றாள். “வா, போகலாம்.”

தனக்கோடி கடை மேஜை முன் உட்கார்ந்திருந்தார். பின்னால் சிமென்ட் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வெளியே இரண்டு ஆட்கள் மாட்டுவண்டியில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சரோஜினி எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். உங்கள் பெண் குதிக்கவில்லை. வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். நீங்கள் பார்த்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தனக்கோடி மூச்சை இழுத்து விட்டார். பதினைந்து நாளாக அடைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணை மூடி, இரண்டு கையாலும் கும்பிட்டார். அசரியா மனசுக்குள் வேண்டிக்கொண்டான்: இதோடு விட்டுவிடும் ஐயா, இன்னொரு கேள்வி கேட்காதீர்.

“ஆனா மாத்திரய ஏம்மா நிறுத்துனா?”

சரோஜினி வாயைத் திறப்பதற்குள் அசரியா முந்திக்கொண்டான். “கம்ப்யூட்டர்ல தப்பு சார். ஒரு லைன் விட்டுப்பூட்ச்சு. அதான்.”

தனக்கோடி அவனைப் பார்க்கவில்லை. சரோஜினியின் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த தாள். மகளுடைய எழுத்து அவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எத்தனை வருஷம் பார்த்த எழுத்து. கையை நீட்டினார். சரோஜினியால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முழுவதும் படித்து, கீழே இருந்த எண்ணுக்கு வந்ததும் அவர் விரல் அங்கேயே நின்றது.

“என் நம்பரு” என்றார்.

ஜல்லி கொட்டுகிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

“அன்னைக்கு அவன் படிக்க ஆரம்பிச்சதும் எனக்கு ஒடம்பு நடுங்கிடுச்சும்மா. கல்யாணம், புள்ளைன்னு இந்தப் பொட்டி பேசுதே, நான் மறைச்சு வச்சதெல்லாம் இதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. கடை பூரா நம்ம ஊரு ஜனம். யாராவது மாத்திரயையும் எம்பொண்ணையும் சேத்துப் பார்த்துட்டா? அதனாலதான் அவ்வளவு சத்தமா சிரிச்சேன். அவ எழுதிக் கேட்டிருப்பான்னு தோணல. சத்தியமா தோணல.” நிறுத்தினார். “வூட்டுக்கு வந்து அவ மூஞ்சியப் பார்க்காம சாப்புட்டேன். அவ பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. ஏதோ கேக்க வர்ற மாதிரி. நான் ஒண்ணுமே சொல்லல.”

அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டார். சரோஜினி இரண்டாவது தாளை மேஜையில் வைத்தாள்.

“இதுதான் அன்னிக்கு வந்த பதில். நீங்க முழுசாக் கேட்கலை.”

தனக்கோடி அதை எடுத்து வாய்விட்டுப் படித்தார். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “உங்கள் திருமணத்துக்கு வாழ்த்துகள். குழந்தை பெறுவது பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். இந்த நோய் உள்ள எத்தனையோ பெண்கள் நல்ல குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, ஒரு வேளைகூட. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. வேறு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். அடுத்த ஞாயிறு நேரில் வாருங்கள். வரத் தயக்கமாக இருந்தால் உங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள்.”

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளை மேஜையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் அசரியாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். பங்காளி வீட்டு மருமகள். பதினைந்து நாளாக அவருக்குச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது, ஊர்ப் பேச்சும் அதோடு சேர்ந்தே வருகிறது.

“இன்னும் சாப்புடாம ஒக்காந்துகினு கீறியே மாமா” என்றாள். “போனவளையே நெனைச்சிகினா ஆச்சா. இம்மாம் வசதியா கல்யாணம் பண்றப்ப, இன்னா கொற வச்ச நீ, கெணத்துல போய் வுழறதுக்கு? ஊர்ல அல்லாரும் அதத்தான் கேக்குறாங்க.”

சரோஜினி எழுந்தாள். அவளை எப்படியாவது வெளியே அழைத்துப் போக அசரியா ஒரு அடி எடுத்து வைத்தான். அதற்குள் தனக்கோடி பேசினார்.

“அவளா வுழல பொன்னி. அவளுக்கு வலிப்பு இருந்துச்சு.”

பொன்னியம்மாள் சட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

“பதினஞ்சு வயசுலேர்ந்து இருந்துச்சு. நான்தான் யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சேன். அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா, நான் சொல்லல.”

ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தனக்கோடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கடை வாசலுக்கு வந்து, படியில் நின்றார். எதிரே டீக்கடையில் நாலு பேர், சைக்கிளில் போகிற இரண்டு பேர், எல்லாரும் அவருக்குத் தெரிந்த முகங்கள். ஒன்பது வருஷமாக எவர் காதில் விழக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினாரோ அதே மனிதர்கள். அவர்களைப் பார்த்து மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை இன்னும் உரக்க.

“எம்பொண்ணுக்கு வலிப்பு இருந்துச்சு.”